ஆற்றங்கரையில் சுமங்கலி தேடிய கதை

என்னுடைய சிநேகிதி ஒரு பேகன். இதை முதன்முதலாக வீட்டில் சொன்னபோது, விட்பியிலிருந்து வந்திருந்த என் மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ பாவம், அதுக்கு மருந்து ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். அது வருத்தம் இல்லை, ஒரு சமயம் என்று நான் விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் சனங்கள் மரத்தையும் ஆற்றையும் நெருப்பையும் நிலவையும் கும்பிட்டார்களாம். அதையெல்லாம் இந்தக் காலத்தில் மறுபடி தூசு தட்டி எடுத்துக் கும்பிடுகிறவர்கள்தான் பேகன்கள். மச்சாள் கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தார். "அப்ப எங்கடை ஆக்கள் மாதிரித்தான்" என்றார். பிறகு, "ஆனா வெள்ளைக்காரர்" என்று சேர்த்துக்கொண்டார்.

சிநேகிதிக்கும் எனக்கும் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. பெரிய படுக்கை விரிப்பை ஓராளால் மடிக்க முடியாது. அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து ஒன்றாய்ச் சேர்த்து, திரும்பப் பின்னால் போகவேண்டும். வருடக்கணக்காக இப்படி முகத்துக்கு முகம் வந்து நின்றால் ஒன்றில் சண்டை வரவேண்டும், இல்லாவிட்டால் சிநேகிதம் வரவேண்டும். எங்களுக்கு இரண்டும் வந்தன. அவள் பேசுவது இங்கிலிஷ். ஆனால் என் மனதில் அது நான் பேசுகிற தமிழாகவே பதிந்துவிடுவதால் அப்படியே எழுதுகிறேன். என்னைவிட நல்ல உயரம், விரல் நிறைய வெள்ளி மோதிரம், வாய் ஓயாது. வேலைக்கு வரும் வழியில் நிற்கிற மேப்பிள் மரத்துக்குக் குட் மோர்னிங் சொல்லாமல் உள்ளே வரமாட்டாள். முதலில் விசரோ என்றுதான் நினைத்தேன். பிறகு, பஸ்ஸில் போகும்போது கோயிலைக் கண்டால் நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேனே, அதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் நீண்ட வார இறுதியில் அவளுடைய ஆட்கள் ஒன்றுகூடுவார்கள். மோர்னிங்சைட்டில் இருந்து காரில் கொஞ்சத் தூரம் போனால் ஆற்றங்கரையில் வாடகைக்கு விடுகிற ஒரு கூடாரத் திடல் இருக்கிறது. அங்கே பகலில் வகுப்புகள், ஒன்றாய் இருந்து சாப்பாடு, பின்னேரம் நெருப்பு வளர்த்துக் கும்பிடுவது. "இந்த முறையாவது வாவன்" என்று வருடா வருடம் கேட்பாள். நானும் வருடா வருடம் ஒரு சாட்டுச் சொல்வேன். ஷிப்ற் என்பேன், தேர்த் திருவிழா என்பேன், முழங்கால் நோகிறது என்பேன்.

இந்த வருடம் அவள் கேட்ட விதம் வேறு. அந்த நெருப்புக்குப் பொறுப்பு அவளும் அவளுடைய கணவரும்தான். அவர் விறகு வெட்டுவார், இவள் அடுக்குவாள். போன மாரிக்கு முந்திய மாரியில் அவர் காலமாகிவிட்டார். போன வருடம் இவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "இந்த வருஷம் தனிய அடுக்கப்போறன். நீ சும்மா பக்கத்திலை நிண்டாப் போதும்" என்றாள். இப்படிக் கேட்டால் எந்தச் சாட்டைச் சொல்வது? என் கணவரின் செத்தவீட்டில், எங்கள் சனத்துக்கு நடுவில் தனி ஒரு வெள்ளைக்காரியாக நின்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் அவள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நாட்களில் வீட்டைவிட்டு எங்கேயாவது ஓடவேண்டும் போலிருந்தது. மகளுக்கு ஆவணியில் கலியாணம். என் கணவர் இல்லாததால் கன்னிகாதானம் செய்துகொடுக்க மச்சாளும் அவருடைய கணவரும் இருப்பதாக ஏற்பாடு. அது சோடியாக இருந்து செய்கிற காரியம், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மல்வேர்ன் வீட்டில் இருந்து கதைக்கும்போது, மண்டபத்தில் குத்துவிளக்குக் கொளுத்துவது யார், ஆராத்தி எடுப்பது யார், மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் வரவேற்பது யார் என்று மச்சாள் விரலை மடித்து மடித்துச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு விரலிலும் நான் இல்லை. விளக்குக் கொளுத்துவது அவராம். கடைசியில் என் கையைப் பிடித்து, "நீர் ஒண்டுக்கும் ஓடித்திரிய வேண்டாம். நல்ல பட்டுச்சீலை ஒண்டு உடுத்து முன்வரிசையிலை இரும்" என்றார்.

கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த முறை அது. விளக்கைச் சுமங்கலிதான் ஏற்றவேண்டும், கணவனை இழந்தவளின் கை பட்டால் பிள்ளையின் வாழ்வுக்கு ஆகாது. எனக்கும் தெரிந்த முறைதான். "ஓம் மச்சாள், அதுக்கென்ன, பரவாயில்லை" என்றேன்.

மச்சாள் போன பிறகு மகள் குசினிக்குள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, என்ரை வெடிங்கிலை நீங்கள் அந்த விளக்கைக் கொளுத்தாட்டி வேறை ஒருத்தரும் கொளுத்த வேண்டாம். ஐ ஆம் சீரியஸ்."

"விசர்க்கதை கதையாதை. உன்ரை நல்லதுக்குத்தானே சொல்லுகினம்."

"என்ரை நல்லது எண்டா நீங்கள் எனக்குப் பக்கத்திலை வந்து நில்லுங்கோ."

நான் சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் 'சாப்பிட்டியோ', 'ஓம்' என்பதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. கலியாணம் முடிந்தால் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். இருக்கிற கடைசி நாட்களை இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு கழிக்கிறோமே என்று நினைத்தால் வயிறு எரியும். ஆனாலும் பயம். என் கையால் கொளுத்தி, நாளைக்கு அவளுக்கு ஏதும் ஒன்று நடந்தால்? அந்தப் பயத்தை நான் எந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கணவர் போய் ஆறாவது வருடம் நடக்கிறது. இவ்வளவு காலத்தில் ஒருவரும் என்னைப் பார்த்து 'பின்னுக்கு நில்' என்று சொன்னது கிடையாது. நானே போய்விடுவேன். கலியாண வீட்டில் குங்குமத் தட்டு வருவதைக் கண்டால் எழும்பிக் கழிவறைக்குப் போவேன். ஆராத்திக்கு ஆள் கூப்பிட்டால் குனிந்து கைப்பைக்குள் எதையாவது தேடுவேன். ஒருவர் சொல்லி நகர்வதைவிட நாமாக நகர்வது மரியாதை என்று பழகிவிட்டது.

சனிக்கிழமை விடிய எழும்பி உழுந்து வடை சுட்டேன். எண்ணெய் மணத்துக்கு மகள் எழும்பி வந்துவிட்டாள்.

"உவ்வளவு வடையும் ஆருக்கு?"

"பேகன்களுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோபத்தில் இருப்பது ஞாபகம் வந்து, ஒரு வடையை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

திடலில் நூறு பேருக்குக் கிட்ட இருப்பார்கள். பாதிப் பேர் நிலத்தில் இழுபடுகிற பச்சை, ஊதா அங்கிகளில். மற்றப் பாதி அரைக்காற்சட்டையும் தொப்பியும். மான்கொம்பு வைத்த பட்டியைத் தலையில் கட்டிய ஒருவர் கழிவறை வரிசையில் மிகவும் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். இந்தக் கூட்டத்தை நடத்துகிறவரே அவர்தான், மற்ற நாட்களில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர் என்று சிநேகிதி சொன்னாள். யாழ்ப்பாணத்தில் நான் படித்தது பாதிரிமார் கட்டிய பள்ளிக்கூடம். அந்தக் காலத்துப் பாதிரிமார் எங்களைப் பேகன்கள், அஞ்ஞானிகள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனதை எங்கள் சரித்திர ரீச்சர் மூக்குச் சிவக்கச் சிவக்கச் சொல்லித் தந்திருக்கிறார். இங்கே பார்த்தால் வெள்ளைக்காரரே அந்தப் பெயரைத் தேடி எடுத்து ரீ-ஷேர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அந்தப் பாதிரிமார் கண்டிருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

சாப்பாட்டு மேசைக்குப் பொறுப்பான பெண் என் தட்டைக் கண்டதும் ஓடி வந்தாள். கோதுமை இருக்கிறதா, பால் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, கொட்டை ஏதும் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என்னை அப்படியே கட்டிப்பிடித்துவிட்டாள். "பச்சை மிளகாய் இருக்கு" என்றேன். அது அவளுடைய கேள்வியில் இல்லை. சற்று நேரத்தில் அவளைத் தண்ணீர்க் குழாயடியில் கண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் வடைக்கு வந்து நின்றாள்.

பிறகு வகுப்புகள். ஒரு கூடாரத்தில் மூலிகை எண்ணெய் காய்ச்சினார்கள், ஒன்றில் மேளம் அடிக்கப் பழக்கினார்கள். எனக்குப் பிடித்தது பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கதைத்த கூடாரம். பேகன் பெற்றோருக்கு இருக்கிற கவலைகளைக் கேட்டால் பாவமாக இருக்கும். மாமியார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி அழுகிறாராம். பள்ளிக்கூடத்தில் 'நீங்கள் என்ன சமயம்' என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். ஒருத்தி தான் வேலை செய்கிற கந்தோரில் இதைப் பற்றி மூச்சே விட்டதில்லையாம், இந்த வார இறுதிக்கு ஏரிக்கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போன மகளின் நெற்றியைப் பார்த்து, வகுப்பு ரீச்சர் சாம்பல் பட்டிருக்கிறது என்று துடைத்துவிட்ட கதையை நான் சொன்னேன். எல்லோரும் "ஓ" என்று நெஞ்சில் கைவைத்தார்கள். "பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "அடுத்த நாள் இன்னும் தடிப்பாப் பூசி விட்டன்" என்றேன். அதை ஒருத்தி எழுதிக்கொண்டாள்.

இன்னொரு கூடாரத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பெண்ணுக்கு மூன்று பருவமாம்: கன்னி, தாய், கிழவி. மூன்று வட்டமாக இருக்கவேண்டுமாம். நடத்திய இளம் பெட்டை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பணிவாகக் கையைக் காட்டி மூன்றாம் வட்டத்துக்கு அனுப்பினாள். கிழவியோ! எனக்கு ஐம்பத்தாறு வயது. "எனக்கு இன்னும் வீட்டு மோர்கேஜே கட்டி முடியேல்லை" என்று சொல்லித் தாய்மாரின் வட்டத்தில் போய் இருந்துவிட்டேன். இங்கே கிழவி என்பது பெரிய பட்டமாம், ஞானம் கூடியவளாம். அந்த ஞானம் எனக்கு வேண்டாம். மூன்றாம் வட்டத்தில் இருந்த என் சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனாலும் நல்ல நாள் அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றோரம் புல்லில் துவாயை விரித்துப் படுத்தேன். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், பாவம் கணவன் இல்லாதவள் என்று பார்க்க ஆளில்லை. அடுத்த கூடாரத்தில் ஒருவர் பிழை பிழையாகப் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்துகொண்டு நன்றாக நித்திரை கொண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு சிநேகிதி என்னை எழுப்பிக்கொண்டு திடலின் நடுவுக்குப் போனாள். கல் வட்டத்துக்குள் விறகு அடுக்கத் தொடங்கினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். வாய் ஓயாதவள் அன்று பேசவே இல்லை. ஒருதரம் மட்டும் ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்து, "அவர் இதை இன்னும் சின்னனா வெட்டுவார்" என்றாள். அடுக்கி முடிய நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விறகுக்குப் பக்கத்தில் நின்றாள். கொளுத்துகிறவருக்கு அதை எடுத்துக் கொடுப்பது அவளுடைய வேலையாம். சனம் சுற்றிவர வந்து நின்றது.

அவர்களிடம் ஒரு வழக்கம். அந்த வருடம் முதல்முறை வந்தவர்கள் ஒரு துணிப்பைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு கல் எடுக்கவேண்டும். கறுப்புக் கல் யாருக்கு வருகிறதோ அவர் நெருப்பைக் கொளுத்துவார். எனக்கு அது தெரியாது. கோயிலில் பிரசாதம் எடுப்பதுபோல நானும் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். கறுப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். விஷயத்தைச் சிநேகிதி காதில் சொன்னதும் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது. நல்ல காரியம், முதல் நெருப்பு, ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது. நான் யோசிக்க முதலே என் கால் பின்னால் போய்விட்டது.

"நான் இல்லை. வேறை ஆரையும் பிடியுங்கோ. எனக்குக் கணவர் இல்லை" என்றேன்.

கொம்பு வைத்த மனிதர் குனிந்து, மெத்த மரியாதையோடு, "உங்கடை முறையிலை ஆர் கொளுத்தவேணும்?" என்று கேட்டார். யாராவது கொளுத்தட்டும் என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் வாயில் வந்தது முழு விதியும்தான். "கணவன் உயிரோடை இருக்கிற ஒரு பொம்பிளை."

வேறு எந்தக் கூட்டம் என்றாலும், அட விடுங்கோ என்று என் கையில் நெருப்புப்பெட்டியைத் திணித்திருப்பார்கள். இவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. மற்றவரின் முறையை மதிப்பதுதான் இவர்களுடைய சமயத்தில் பாதி. கொம்புக்காரர் நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, நூறு பேருக்கும் கேட்க அறிவித்தார். எங்கள் விருந்தாளியின் மரபுப்படி, கணவன் உயிரோடு இருக்கிற ஒரு பெண் முன்னால் வரவேண்டும்!

அப்படித்தான் அந்த ஆற்றங்கரையில் சுமங்கலி தேடத் தொடங்கினார்கள். ஒருத்தி கையை உயர்த்தி, விவாகரத்து ஆகிவிட்டது ஆனால் ஆள் உயிரோடுதான் இருக்கிறான், செல்லுமா என்று கேட்டாள். கைகோத்து நின்ற இரண்டு பெண்கள், தாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டியிருப்பதாகவும் இருவரும் நல்ல சுகமாக இருப்பதாகவும் சொன்னார்கள். கொம்புக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்ல? இதற்கு எந்த ஐயரிடம் போய்க் கேட்பது? இன்னொருத்தி, கலியாணம் எழுதவில்லை, சேர்ந்து வாழ்கிறோம் என்றாள். தாலி கட்டி, கணவன் சுகதேகியாக இருக்கிற ஒரு பெண்ணை அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது லேசான காரியமாக இல்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. கடைசியில் பின்னாலிருந்து ஒரு பருத்த மனுசி, "என்ரை ஆள் உயிரோடைதான் இருக்கிறார், என்ன செய்யிறது" என்று பெருமூச்சு விட்டாள். சனம் கொல்லென்று சிரித்தது. அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் சிநேகிதியைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. நெருப்புப்பெட்டியை அந்த மனுசியின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓர் அடி. கல் வட்டத்தைத் தாண்டி, சனத்துக்கும் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. விறகு முழுவதையும் அடுக்கியவள் அவள்.

நான் சனத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஏனடி இஞ்சை வந்து நிக்கிறாய்?"

"உங்கடை முறைப்படி நானும் கிட்ட நிக்கக்கூடாதுதானே. அவர் இல்லையே." என்னைத் தேற்றுவதுபோல என் தோளில் தட்டினாள். "பரவாயில்லை" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? அந்த மனிதரோடு இத்தனை வருடம் வாழ்ந்து, கடைசி மாதங்களில் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, எடுத்து அடக்கமும் செய்தவள். அவள் கை பட்டால் நெருப்புக்கு என்ன தீட்டு வந்துவிடும்? யார் இவளைப் பின்னால் அனுப்பியது? நான்தான். என் வாயால் சொன்ன விதிதான். இவ்வளவு காலமும் நான் கழிவறைக்கும் கைப்பைக்கும் என்று போய் ஒளித்தபோது என் மகள் பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான். எனக்கு மச்சாள்மேல் கோபம், கொம்புக்காரர்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல் கோபம். கண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

"பரவாயில்லையாம்! வா இஞ்சாலை" என்று அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனேன். பருத்த மனுசியின் கையிலிருந்து நெருப்புப்பெட்டியை வாங்கினேன். அவள் நல்லவள், உடனே தந்துவிட்டாள்.

"நான் சொன்னதை விடுங்கோ. அது வேண்டாம். கல்லு எனக்குத்தானே வந்தது" என்று கொம்புக்காரரிடம் சொன்னேன். அவர் அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

ஆற்றுக் காற்று. முதல் குச்சி அணைந்தது. சிநேகிதி முழங்காலில் நின்று இரண்டு கையாலும் காற்றை மறைத்தாள். நான் அடுத்ததைத் தட்டினேன். சுள்ளி பிடித்தது, பிறகு கட்டை பிடித்தது. மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே, விறகு பரவாயில்லாமல்தான் பிடித்திருக்கிறது என்றாள். நான் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், ஏதாவது நடக்குமோ என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கணவர் போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நல்ல காரியத்தில் நின்றதே இல்லை.

இருள முதல் மகள் கார் கொண்டுவந்து ஏற்றினாள். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"விளக்கு நான் கொளுத்துறன்" என்றேன்.

அவள் சிக்னலைப் போட்டுக் காரை ஒரு காஸ் ஸ்ரேஷனுக்குள் திருப்பி நிற்பாட்டினாள். "வாட்?"

"உன்ரை கலியாண விளக்கு. நான்தான் கொளுத்துறன். மனம் மாற முதல் வீட்டை கொண்டுபோய் விடு."

ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல விம்மினாள். பின்னால் பெற்றோல் அடிக்க வந்தவன் ஹோர்ன் அடித்தான். "அடியடா அடி, நல்லா அடி" என்று நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். அவள் அழுகையோடு சிரித்தாள். அன்று வீடு போய்ச் சேரும்வரைக்கும் இரண்டு பேரும் வாய் மூடவில்லை.

அடுத்த நாள் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். விளக்கை நானே கொளுத்தப்போகிறேன் என்றதும் அவருடைய குரல் உயர்ந்தது.

"ஆர் உமக்கு உதுகளைச் சொல்லித் தாறது? அந்த மரம் கும்பிடுற பொம்பிளையோ?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை மச்சாள். நானாத்தான் பின்னுக்குப் போனனான். நானாத்தான் வாறன்."

"நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் ஒண்டு எண்டா சனம் உம்மைத்தான் சொல்லும். யோசிச்சீரோ?"

"யோசிச்சனான். ஆறு வருஷமா அதைத்தானே யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"உம்மடை விருப்பம்" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பூவைப் பற்றிக் கதைத்தார், சீலையைப் பற்றிக் கதைத்தார், விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. கன்னிகாதானத்துக்கு வருவாரோ, மாட்டாரோ, வந்தாலும் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் ஏதும் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரே யோசனை. மகள் மட்டும் வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

கலியாணத்தன்று மச்சாள் நேரத்தோடே வந்துவிட்டார். சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போய் நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்: "விளக்கேத்த ஒரு சுமங்கலி வாங்கோ." நான் எழும்பினேன். மண்டபத்தின் கதைச்சத்தம் மெல்ல மெல்ல அடங்குவது எனக்குக் கேட்டது. நடந்து விளக்கடிக்குப் போனேன். ஐயர் என்னைப் பார்த்தார், என் வெறும் கழுத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

மச்சாள் நெருப்புப்பெட்டியை என் கையில் வைத்தார்.

"பிள்ளையைப் பெத்தவ கொளுத்துறா, ஐயா" என்றார். "நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ."